மௌனம் சம்மதம் ஆகுமா? அவசர ஊசியும் சட்டமும் கடந்து வந்த வழி



குவீன்ஸ்டவுனில் நான் குடியிருக்கும் புளோக்குக்குக் கீழே ஆம்புலன்ஸ் வந்து நிற்பது புதுசு இல்லை. பழைய பேட்டை, முதியவர்கள் நிறைய. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் ஆம்புலன்ஸோடு போலிஸ் காரும் வந்து நின்றது. மேல்மாடியில் யாரோ ஒரு இளைஞர் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்துவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை.

அந்த வாரம் வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் 'சமூகத்தில் மனநலம்' என்ற தலைப்பு வந்தது. பக்கத்து புளோக்கில் இருக்கும் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ஒருத்தர் வேண்டாம்னு சொன்ன பிறகும் அவருக்கு ஊசி போடலாமா? அதுக்குச் சட்டம் இருக்கா?" நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்: "எங்க அண்ணனுக்கும் மனசு சரியில்ல டீச்சர். நாளைக்கு நாங்களே 995-க்குக் கூப்பிட வேண்டி வந்தா?"

அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சட்ட ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கேள்வியின் வரலாறு, அவ்வளவுதான்.

முதலில் சொற்கள்

தமிழாசிரியர்கள் ஆயிற்றே, சொல்லிலிருந்து தொடங்குவோம். சம்மதம், ஒப்புதல், இசைவு என்று நம்மிடம் மூன்று சொற்கள் இருக்கின்றன. படிவங்களில் 'ஒப்புதல்' வரும். வீட்டில் 'சம்மதம்' என்போம். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலை குனிந்து நின்றாலே போதும், "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்று பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுவார்கள்.

மருத்துவத்தில் அந்தப் பழமொழி செல்லாது. தாதி ஊசியோடு வரும்போது நீங்களே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினால், வாய் திறக்காவிட்டாலும் அது சம்மதம்தான். ஆனால் பயத்தில் பேசாமல் இருப்பதும், புரியாமல் தலையாட்டுவதும், மயங்கிக் கிடப்பதும் சம்மதம் ஆகாது. சம்மதம் செல்லுபடியாக மூன்று வேண்டும்: விஷயம் புரிந்திருக்க வேண்டும், முடிவெடுக்கும் ஆற்றல் இருக்க வேண்டும், யாரும் கட்டாயப்படுத்தியிருக்கக் கூடாது. மாணவர்களே, இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற எல்லா வழக்கும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தொடும்.

இன்னொரு சொல் வேறுபாடும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் கொடுப்பது மயக்க மருந்து. கொந்தளிப்பில் இருப்பவரைத் தணிக்கக் கொடுப்பது அமைதிப்படுத்தும் மருந்து. கெட்டமின் போன்ற சில மருந்துகள் அளவைப் பொறுத்து இரண்டு வேலையும் செய்யும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சங்கிலியிலிருந்து ஊசிக்கு

ஊசிக்கு முன்னால் என்ன இருந்தது? சங்கிலியும் பூட்டும்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் மனநோயாளிகளைச் சிறையில் அடைத்து வைத்தார்கள். அங்கே ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான் அவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1841-இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில் முதல் மனநோய் மருத்துவமனை வந்தது. இன்று அந்தப் பக்கம் நூலகத்துக்கும் கல்லூரிகளுக்கும் போகிறோம்.

1928-இல் இயோ சூ காங் சாலையில் பெரிய மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. 1951-இல் அதற்கு வுட்பிரிட்ஜ் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1993-இல் புவாங்கோக் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய மனநலக் கழகம் அதன் தொடர்ச்சிதான். சென்னையிலோ 1794-லேயே மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை ஆனது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அங்கே "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பேசுவார்கள். இங்கே நம் பிள்ளைகள் "வுட்பிரிட்ஜ்" என்று சொல்லிச் சிரிப்பதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? மருத்துவமனையின் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டால், உதவி கேட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? கடைசியில் நிலைமை முற்றிய பிறகுதான் ஆம்புலன்ஸும் போலிஸும் வருகின்றன. அவசரம் என்பது பல நேரம் அந்த நிமிடத்தில் பிறப்பதில்லை. மாதக்கணக்கான தயக்கத்தில் வளர்கிறது.

சரி, மருந்துக்கு வருவோம். தோலுக்கடியில் மருந்து செலுத்தும் ஊசி 1853-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1869 முதல் குளோரல் ஹைட்ரேட் தூக்க மருந்தாகக் கொடுக்கப்பட்டது. உண்மையான திருப்பம் 1952-இல் பாரிஸில் நடந்தது. குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வருடக்கணக்காகக் கட்டிப்போட்டிருந்தவர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். 1958-இல் ஹாலோபெரிடால் வந்தது. 1962-இல் கெட்டமின் தயாரிக்கப்பட்டு, 1970-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்த மருந்துகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. கட்டுக்கடங்காத கொந்தளிப்பில் உடல் சூடேறி, இதயம் களைத்து, உயிருக்கே ஆபத்து வரலாம். தன்னையோ தாயையோ காயப்படுத்தப் போகிற ஒருவருக்குச் சரியான நேரத்தில் சரியான அளவில் போடும் ஊசி உயிரைக் காக்கும். ஆனால் அதே ஊசி, கண்ணுக்குத் தெரியாத சங்கிலியாகவும் மாறலாம். மருத்துவத் தேவைக்காக இல்லாமல், 'சும்மா இருக்க வைப்பதற்காக' மட்டும் மருந்து கொடுத்தால், அது மருந்தால் கட்டிப்போடுவதுதான்.

குவீன்ஸ்டவுன்வாசிகளுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். அலெக்சாண்ட்ரா மருத்துவமனை 1940-இல் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 14 அன்று ஜப்பானியப் படையினர் உள்ளே புகுந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றார்கள். அறுவை சிகிச்சை மேசையில் மயக்கத்தில் இருந்த ஒரு வீரரும் அங்கேயே குத்திக் கொல்லப்பட்டார். அது போர்க்குற்றம், நம் தலைப்பு வேறு. ஆனாலும் ஒன்று புரிகிறது. மயக்கத்தில் இருக்கும் உடல், அறையில் இருப்பவர்களின் நேர்மையை நம்பித்தான் கிடக்கிறது. அந்த நம்பிக்கைக்குச் சட்டம் எப்படிக் காவல் நிற்கிறது என்பதுதான் நம் கேள்வி.

'என் உடம்பு' என்ற உரிமை

1914-இல் நியூயார்க் நீதிமன்றத்துக்கு ஒரு பெண்ணின் வழக்கு வந்தது. ஈதர் மயக்கத்தில் பரிசோதனை செய்ய மட்டும் அவர் சம்மதித்திருந்தார். மருத்துவர்கள் கட்டியை அகற்றியேவிட்டார்கள். நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ ஒரு கொள்கையைச் சொன்னார்: தெளிந்த மனமுள்ள வயதுவந்த எவருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு. அதே மூச்சில் விதிவிலக்கையும் சொன்னார்: நோயாளி நினைவிழந்து, சம்மதம் வாங்குவதற்குள் செய்தாக வேண்டிய அவசரம் இருந்தால் அது வேறு. பாருங்க, விதியும் விதிவிலக்கும் சேர்ந்தே பிறந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பெண் வழக்கில் தோற்றார். அறக்கட்டளை மருத்துவமனை பொறுப்பாகாது என்று தீர்ப்பாயிற்று.

அடுத்தது இங்கிலாந்து. 1954-இல் ஒரு மனநோயாளிக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை கொடுத்தார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை. ஆபத்து இருக்கிறது என்று முன்கூட்டி எச்சரிக்கவும் இல்லை. சிகிச்சையில் இடுப்பெலும்பு முறிந்தது. 1957-இல் தீர்ப்பு வந்தது. பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு பிரிவினர் அப்படித்தான் செய்வார்கள் என்றால் அது அலட்சியம் ஆகாது என்றார்கள். இதுதான் சட்ட மாணவர்கள் படிக்கும் 'போலம் சோதனை'. நோயாளி என்ன தெரிந்துகொள்ள விரும்புவார் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

அந்தச் சோதனை நம் ஊரிலும் நீண்ட காலம் ஆட்சி செய்தது. 2002-இல் நம் சமூகத்துப் பெண் ஒருவரின் மூளைக் கதிர்சிகிச்சை வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. மருத்துவர் தரும் ஆலோசனைக்கும் அதே சோதனைதான் பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. 2017-இல் அதே நீதிமன்றம் நிலையை மாற்றியது. நோயாளிக்கு முக்கியமான தகவலை அவரிடம் சொல்ல வேண்டும் என்றது. சொல்லாமல் விட்டதற்கு ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்றாக அவசரநிலையையும் குறிப்பிட்டது.

பிறகு 2019. மணிக்கட்டில் போட்ட ஓர் ஊசியின் பின்விளைவுகளை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவருக்கு ஒழுங்குமுறைத் தீர்ப்பாயம் 100,000 வெள்ளி அபராதம் விதித்தது. மருத்துவ உலகமே அதிர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பயந்துபோன மருத்துவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் பக்கம் பக்கமாகப் படிவம் நீட்டினால் நோயாளிக்கு என்ன லாபம் என்ற கவலை பலருக்கும் இருந்தது. 2020-இல் குடிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 2022 ஜூலை 1 முதல் புதிய விதி நடப்புக்கு வந்தது. சக மருத்துவர்களின் கருத்துக்கும் அதில் இடம் உண்டு, நோயாளி நியாயமாக எதிர்பார்க்கும் தகவலுக்கும் இடம் உண்டு.

இந்தக் கதையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியான அறையில், நாற்காலியில் உட்கார்ந்து பேசும் நோயாளியின் சம்மதம் பற்றியே இத்தனை ஆண்டுகள் வாதாடியிருக்கிறோம். அப்படியென்றால் நடைபாதையில் கத்திக்கொண்டிருக்கும் ஒருவரின் சம்மதம்?

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

மாணவியின் கேள்விக்கு நேரான பதில் இது: 'அவசரப் பணியாளர் அமைதிப்படுத்தும் ஊசி போடும் முன் சம்மதம் பெற வேண்டும்' என்ற தலைப்பில் இங்கே தனிச்சட்டம் கிடையாது. பதில் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

முதலாவது, பொதுச்சட்டம். சம்மதம் இல்லாமல் ஒருவர் உடலைத் தொட்டு சிகிச்சை செய்வது தவறு. ஆனால் அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லை, தாமதித்தால் கேடு, செய்வது அவர் நன்மைக்கே என்றால், தேவையான அளவுக்கு மட்டும் செய்யலாம். கவனியுங்கள்: தெளிவாக இருக்கும் ஒருவர் "வேண்டாம்" என்றால், அவசரம் என்று சொல்லி அதை மீற இந்த விதிவிலக்கு உதவாது.

இரண்டாவது, மன ஆற்றல் சட்டம். 2008-இல் நிறைவேறி, 2010 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. அதன் அடிப்படைகள் ஐந்து. ஒருவருக்கு ஆற்றல் இருக்கிறது என்றே தொடங்க வேண்டும். முடிவெடுக்க அவருக்கு எல்லா உதவியும் செய்து பார்க்க வேண்டும். முட்டாள்தனமான முடிவு எடுக்கிறார் என்பதற்காக ஆற்றல் இல்லை என்று சொல்லக் கூடாது. அவருக்காக எடுக்கும் முடிவு அவர் நலனுக்காக இருக்க வேண்டும். அவர் சுதந்திரத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியைத் தேட வேண்டும். அவரைப் பிடித்துக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தால், அது தீங்கைத் தடுக்கத் தேவையானதாகவும், அந்தத் தீங்கின் அளவுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது அடிப்படையை மீண்டும் ஒருமுறை படியுங்கள். 'எல்லா உதவியும்' என்பதில் மொழியும் அடங்கும் இல்லையா? தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, "புரியவில்லை, ஆற்றல் இல்லை" என்று முடிவு கட்ட முடியாது. நம் பாடத்துக்கு இதைவிட வலுவான காரணம் வேறு வேண்டுமா?

மூன்றாவது, மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டம். இதுவும் அதே நாளில் நடப்புக்கு வந்தது. மனநோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பவரைப் போலிஸ் அதிகாரி பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோகலாம். என்ன மருந்து என்பது மருத்துவரின் தீர்மானம். மனநல மருத்துவமனையில் முதலில் 72 மணி நேரம் வரை வைக்கலாம். அதற்குமேல் வைக்க வேண்டுமானால் இன்னொரு மருத்துவர் பார்க்க வேண்டும், அப்போது ஒரு மாதம் வரை நீட்டிக்கலாம். இன்னும் தேவையென்றால் இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து ஆறு மாதம் வரை. படிக்குப் படி புதுக் கண்கள் பார்க்கின்றன. ஒருவர் சொன்ன 'ஆபத்து' என்ற சொல்லே காலமெல்லாம் நிற்காது.

இந்த அதிகாரம் நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. 2017-இல் கடைத்தொகுதி ஒன்றில் ஒருவரைப் போலிஸ் இச்சட்டத்தின்கீழ் பிடித்தது. அவர் வழக்குப் போட்டார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவரைப் பிடித்தது சட்டப்படி சரியில்லை என்று கூறி, 20,000 வெள்ளி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டே, 2024 ஏப்ரலில், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஆபத்து கண்முன் நடக்கும்வரை காத்திருக்காமல், நடக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கும் நிலையிலேயே போலிஸ் செயல்படலாம் என்றானது. மக்களைக் காக்க இது தேவை என்றது அரசு. அப்படியானால் அதிகாரிகளுக்குப் பயிற்சியும் கூட வேண்டும் அல்லவா? தேர்வில் இரு பக்கமும் எழுதத் தகுந்த பொருள் இது.

இதோடு இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றம் இல்லை. அந்த நிலையில் இருப்பவரைக் குற்றவாளியாக அல்ல, உதவி தேவைப்படுபவராகச் சட்டம் பார்க்கத் தொடங்கிவிட்டது.

அரோராவில் நடந்தது

ஊசி பற்றிய சட்டம் உலகில் எங்கே நேரடியாக எழுதப்பட்டது? அதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே சட்டம் பிறந்தது ஓர் உயிர் போன பிறகு.

2019 ஆகஸ்ட் 24 இரவு, அரோரா நகரில் எலைஜா மெக்லெய்ன் என்ற 23 வயது கறுப்பின இளைஞர் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். சந்தேகமாக ஒருவர் போகிறார் என்று யாரோ போன் செய்தார்கள். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை, கையில் ஆயுதமும் இல்லை. போலிஸ் அவரைக் கழுத்தைப் பிடித்து அழுத்திக் கீழே தள்ளியது. பிறகு வந்த துணை மருத்துவப் பணியாளர்கள் அவருக்கு 500 மில்லிகிராம் கெட்டமின் செலுத்தினார்கள். இதயம் நின்றது. சில நாள்களில் இறந்தார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர்களின் விதிப்படி கிலோவுக்கு 5 மில்லிகிராம். அவர் எடை ஏறக்குறைய 65 கிலோ. 325 மில்லிகிராம் போதும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டதில் அவ்வளவு பெரிய தவறு. நீங்கள் யார், என்ன செய்கிறது என்று அவரிடம் யாராவது நிதானமாகப் பேசிப் பார்த்தார்களா என்ற கேள்விதான் வழக்கு முழுக்க நின்றது. 2023-இல் ஒரு போலிஸ்காரரையும் இரண்டு துணை மருத்துவப் பணியாளர்களையும் நடுவர் குழுக்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தன.

2021-இல் கொலராடோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. இப்படி ஊசி போடுமாறு போலிஸ் துணை மருத்துவப் பணியாளரை வற்புறுத்தக் கூடாது. உண்மையான மருத்துவ அவசரம் இருந்தால் மட்டுமே கெட்டமின். எடை பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்தது இரண்டு பேர் எடை மதிப்பீட்டில் ஒத்துப்போக வேண்டும். போட்ட பிறகு மூச்சையும் இதயத்தையும் கண்காணிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஊசிகளுக்கு அங்கே பல ஆண்டுகளாக 'எக்சைட்டட் டெலிரியம்' என்ற பெயரைக் காரணமாகச் சொல்லிவந்தார்கள். அளவுக்கு மீறிய வெறி, அசாதாரண பலம் என்றெல்லாம் விளக்கம். அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி 2009-இல் அதை ஆதரித்து எழுதிய அறிக்கையை 2023-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது. வரலாறு படிப்பவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு பார்வை

நம் மொழி பேசும் மண்ணிலும் ஒரு பெரிய காயம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா அருகே இருந்த ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலி 19-ஆம் நூற்றாண்டோடு முடிந்த கதை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018-இல் நடப்புக்கு வந்தது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. நலமாக இருக்கும்போதே 'எனக்கு இந்த சிகிச்சை வேண்டும், இது வேண்டாம்' என்று எழுதி வைக்கலாம். தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். அவசர சிகிச்சை கொடுக்கும்போது, அந்தப் பிரதிநிதி கிடைத்தால் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும். 72 மணி நேரத்துக்கு மேல் அவசரம் என்ற பெயரில் நீட்டக் கூடாது. மின்னதிர்ச்சியை அவசர சிகிச்சையாகப் பயன்படுத்தவும் கூடாது.

தேர்வில் குழம்பாதீர்கள்: இங்கே 72 மணி நேரம் என்பது மருத்துவமனையில் முதல்கட்டமாக வைத்திருக்கும் காலம். அங்கே அது அவசர சிகிச்சைக்கான எல்லை. எண் ஒன்று, பொருள் வேறு.

மாணவிக்கு என் பதில்

எல்லாவற்றையும் படித்துவிட்டு அவளிடம் இப்படிச் சொன்னேன்.

"ஆமாம்மா, சில நேரம் சம்மதம் இல்லாமலேயே ஊசி போடலாம். அண்ணனால முடிவெடுக்க முடியாத நிலையில, தாமதிச்சா ஆபத்துன்னா, அது அவரைக் காப்பாத்தத்தான். ஆனா 'அவசரம்'னு ஒருத்தர் சொல்லிட்டா அதோட எல்லாம் முடிஞ்சுடாது. யார் சொன்னாங்க, எவ்வளவு நேரத்துக்கு, எவ்வளவு மருந்து, அப்புறம் யார் பார்த்தாங்க, இதுக்கெல்லாம் பதில் இருக்கணும். சட்டம் செய்ற வேலை அதுதான்."

நான் சொன்னதில் அவள் குறித்துக்கொண்டவை இவை. உங்களுக்கும் உதவலாம்.

அண்ணன் நன்றாக இருக்கும் நாளிலேயே அவரிடம் கேளுங்கள்: "ரொம்ப முடியாமப் போச்சுன்னா நாங்க என்ன செய்யணும்? யாரைக் கூப்பிடணும்?" அவர் சொல்வதை எழுதி வையுங்கள். சட்டப் பத்திரமாக அது இல்லாவிட்டாலும், அவர் நலன் எது என்று முடிவெடுப்பவருக்கு அது ஒரு சாட்சி.

அவர் சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, எடை, மருத்துவர் பெயர், இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அரோராவில் எடை தெரியாததால் என்ன ஆனது என்று பார்த்தோம்.

21 வயது நிறைந்து தெளிவாக இருப்பவர்கள் எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரம் எழுதலாம். தன்னால் முடியாத காலத்தில் தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை அதில் சொல்லலாம்.

உயிருக்கு ஆபத்து என்றால் தயங்காமல் 995. அந்த அளவுக்குப் போகும் முன்னால் பேச ஆள் வேண்டும் என்றால், தேசிய மனநல உதவி எண் 1771 இருக்கிறது. உதவிக்கு வருபவர்களிடம் "அவருக்குத் தமிழ்ல சொன்னா நல்லாப் புரியும், நான் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் கிடைத்தால் அந்த ஒரு நிமிடத்தில் ஊசியே தேவைப்படாமல் போகலாம்.

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில் கேட்டாள்: "அப்போ அண்ணன் பேசாம இருந்தா, சரின்னு எடுத்துக்கக் கூடாது, அப்படித்தானே டீச்சர்?"

அப்படித்தான். நாம் வகுப்பில் பழமொழி நடத்தும்போதும் இதைச் சொல்லலாம்.

மாணவர்களுக்குக் காலக்கோடு

1841: சிங்கப்பூரின் முதல் மனநோய் மருத்துவமனை
1914: தன் உடல் பற்றிய உரிமையையும் அவசர விதிவிலக்கையும் சொன்ன நியூயார்க் தீர்ப்பு
1952: குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்டது
1957: இங்கிலாந்தில் போலம் சோதனை
2001: ஏர்வாடித் தீவிபத்து
2010: சிங்கப்பூரில் மன ஆற்றல் சட்டமும் மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டமும் நடப்புக்கு வந்தன
2017: சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் நோயாளியின் பார்வைக்கு இடம் தந்தது, இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம்
2021: கொலராடோவில் கெட்டமின் கட்டுப்பாட்டுச் சட்டம்
2022: சிங்கப்பூரில் மருத்துவ ஆலோசனை பற்றிய புதிய விதி நடப்புக்கு வந்தது
2024: போலிஸ் அதிகாரம் பற்றிய திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது

வகுப்பில் கலந்துரையாட

1. 'மௌனம் சம்மதம்' என்ற வழக்கு எந்தச் சூழல்களில் பொருந்தும், எவற்றில் பொருந்தாது? எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. ஆபத்து நடக்கும்வரை காத்திருப்பது, நடக்கும் முன் தலையிடுவது, இரண்டில் எது சரி? 2023 தீர்ப்பையும் 2024 திருத்தத்தையும் வைத்து இரு பக்கமும் வாதிடுக.
3. ஒருவரின் தாய்மொழியில் பேசுவது அவர் முடிவெடுக்க எவ்வாறு உதவும்?
4. மருத்துவமனைப் பெயர்கள் கேலிச்சொற்களாவதை மாற்ற உங்கள் பள்ளியில் என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள்: நான்காவது கேள்வியை நடத்தும்போது வகுப்பில் யாருடைய அண்ணனோ அம்மாவோ இந்த நிலையில் இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த அனுபவத்தைச் சொல்லும்படி யாரையும் கேட்க வேண்டாம். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் சம்மதம் முக்கியம்தானே.